வடக்கு கோலுக்குப் பின்னால் ஒரு பஸ்

உலகத்தில் எத்தனையோ சங்கங்களுக்குக் கட்டடம் உண்டு. உள்ளே போனால் மேஜை இருக்கும், நாற்காலி இருக்கும், கேரம் போர்டு இருக்கும், சுவரில் ஓடாத கடிகாரம் ஒன்று தொங்கும். உள்ளே முழுசாக ஒரு பஸ் நிற்கிற சங்கம் உலகத்திலேயே ஒன்றுதான். அது மைதானத்தின் வடக்கு கோலுக்குப் பின்னால் இருந்த கால்பந்து ரசிகர் சங்கம். இதைச் சொல்லி யாராவது சிரித்தால் கண்டக்டரம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள். "நம்பலேன்னா உள்ள வந்து ஏறிப் பாருங்க. படியில மட்டும் நிக்காதீங்க" என்பாள்.

சங்கம் பிறந்தது அவமானத்தில். அதற்கு முன்பு ரசிகர்கள் மைதானத்து வாசல் டீக்கடையில்தான் கூடுவார்கள். கோல் விழுந்தால் ஒரு பெஞ்சு உடையும். விழாவிட்டால் இரண்டு உடையும். ஒருமுறை கடைசி நிமிஷத்தில் ஜெயித்தபோது போட்ட கூச்சலில் அடுப்பில் இருந்த பால் மொத்தமும் திரிந்துபோனது. எதிர்வீட்டுக் கோழி அதோடு முட்டையிடுவதையே நிறுத்திக்கொண்டது. கடைக்காரர் அத்தனை பேரையும் வெளியே தள்ளி ஷட்டரை இழுத்தார். "இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுத்தீங்க..." என்று ஆரம்பித்தவர், கோபத்தில் மிச்சத்தை மறந்துவிட்டார்.

அடுத்த மாட்ச் அன்று மழை. சாதாரண மழையல்ல, பந்து மிதந்து போன மழை. ஒதுங்க இடமில்லாமல் ரசிகர்கள் வடக்கு கோலுக்குப் பின்னால் நனைந்த பூனைகள் மாதிரி நின்றுகொண்டிருந்தபோதுதான் பஸ் வந்தது.

அந்த பஸ்ஸை ஓட்டியவர் டிரைவர். அதில் டிக்கெட் கொடுத்தவள் அவர் மனைவி. ஊரில் யாரும் இரண்டு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, டிரைவர், கண்டக்டரம்மா என்றுதான். மாட்ச் நாட்களில் மைதானத்துத் திருப்பம் வந்தால் மட்டும் பஸ் ஆமை மாதிரி நகரும். பயணிகள் கேட்டால் "கிளட்ச் பிடிக்குது" என்பார் டிரைவர். அந்தக் கிளட்ச் கோல் கிக் எடுக்கும்போது பிடித்து, கார்னர் முடிந்ததும் விட்டுவிடும். அன்று அது பஸ்ஸின் கடைசிப் பயணம். காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. திருப்பத்தில் மெதுவானது, கோலுக்குப் பின்னால் ஒதுங்கியது, ஒரு பெருமூச்சு விட்டது, நின்றது. அதுவாக நின்றதா, அவர் நிறுத்தினாரா என்று கேட்டால் டிரைவர் காதில் விழாத மாதிரி இருப்பார்.

நனைந்தவர்கள் பஸ்ஸுக்குள் பாய்ந்தார்கள். கண்டக்டரம்மா பழக்கதோஷத்தில் விசில் ஊதினாள். "தள்ளாதீங்க. முதல்ல வந்தவங்க உக்காருங்க, மத்தவங்க கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உள்ள போங்க, பின்னாடி நிறைய இடம் இருக்கு." ஜன்னல் வழியாகவும் பின் கண்ணாடி வழியாகவும் கழுத்தை நீட்டி மிச்ச ஆட்டத்தைப் பார்த்தார்கள். அதுவரை ஒன்றுமே அடிக்காத அணி மூன்று கோல் அடித்தது.

அவ்வளவுதான். அதற்கப்புறம் யார் அந்த பஸ்ஸை விட்டு இறங்குவார்கள்? கம்பெனிக்காரர்கள் வந்து எஞ்சினைக் கழற்றினார்கள். கூட்டை இழுத்துக்கொண்டு போவது வெட்டி வேலை என்று விட்டுப் போனார்கள். சங்கத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. சட்டமும் கிடைத்தது, அது கண்டக்டரம்மா போட்டது. அன்றைக்கு உட்கார்ந்தவருக்கு அந்த சீட்டு ஆயுசுக்கும். நின்றவர் நிற்கவேண்டும். சீட்டு காலியானால் வரிசைப்படி அடுத்தவர். சீட்டு மெம்பர், கம்பி மெம்பர் என்று சங்கத்தில் இரண்டு சாதி உண்டானது இப்படித்தான்.

டிரைவருக்கு டிரைவர் சீட்டு. பஸ் கோலுக்கு முதுகைக் காட்டி நின்றதால் அவர் மொத்த ஆட்டத்தையும் முன்னால் மாட்டியிருந்த, பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியில்தான் பார்ப்பார். திரும்பிப் பார்க்கச் சொன்னால், "டிரைவர் திரும்பிப் பார்த்தா வண்டி என்னத்துக்கு ஆகும்?" என்பார். அதனால் உலகமே இடதுகால்காரன் என்று கொண்டாடிய ஆட்டக்காரனை அவர் மட்டும் வலதுகால்காரன் என்று அடித்துச் சொன்னார். ஒருநாள் அந்த ஆட்டக்காரனே நேரில் வந்து இடதுகாலைத் தூக்கிக் காட்டினான். டிரைவர் அதையும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பாரு, நான் சொன்னேன்ல" என்றார்.

பஸ்ஸின் கூரை ஒழுகியது, மேலே தகரம் போட்டார்கள். தகரத்துக்குத் தூண் வேண்டியிருந்தது. தூண் வந்தபிறகு சுவர் இல்லாமல் அசிங்கமாக இருந்தது. கொத்தனார் சங்கத்து ஆள். மாட்ச் இல்லாத நாளிலெல்லாம் எல்லோரும் சேர்ந்து செங்கல் சுமந்தார்கள், கலவை குழைத்தார்கள். பஸ்ஸைச் சுற்றி ஹால், ஆட்டம் தெரிய கோல் பக்கச் சுவரில் நீளமாக ஒரு ஜன்னல், ஹாலுக்குப் பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் டிரைவர் குடும்பம் இருக்க ஒரு அறை. எல்லாம் முடிந்து கதவு மாட்டிய அன்று, கொத்தனார் நாலு அடி தள்ளி நின்று தன் வேலையை ஆசையாகப் பார்த்தார். அப்புறம் கரண்டி கைநழுவிக் கீழே விழுந்தது.

"வண்டி எப்படி வெளிய வரும்?"

எல்லோரும் கதவையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் சலூன்காரர்தான், "ஏன்யா வெளிய வரணும்?" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரைத் தலைவர் ஆக்கினார்கள்.

சலூன்காரர் கண்டக்டரம்மாவின் சொந்த அண்ணன். மழை நாளில் முதலாவதாக ஏறி, கடைசி வரிசை நடு சீட்டைப் பிடித்தவர். அதிலிருந்து பார்த்தால் எதிரணி கோல்கீப்பரின் வாயில் எத்தனை பல் சொத்தை என்று எண்ணிவிடலாம். போஸ்ட்மேன் டிரைவரின் தங்கை புருஷன். மழை நாளில் தபால் கொடுத்துவிட்டு வர நேரமாகிவிட்டது. அதனால் கம்பி. "அண்ணனுக்கு ஜன்னல், நாத்தனார் புருஷனுக்குக் கம்பி. நல்லா இருக்குடா நியாயம்" என்று அவர் சொல்லாத மாட்ச் கிடையாது. வெள்ளம் வந்த வருஷம் தெருவே அந்த பஸ்ஸில் வந்து தங்கியது. ஒரு குழந்தை நாலாவது வரிசையில் பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் கண்டக்டரம்மா அந்த சீட்டையே எழுதிவைத்த மாதிரி கொடுத்துவிட்டாள். "பொறந்து அழறதுக்கு முன்னாடி சீட்டு கிடைச்சிருக்கு. நான் அழுது அழுதே கிழவனாயிட்டேன்" என்றார் போஸ்ட்மேன்.

இப்படிப் பதினோரு வருஷம் ஓடாமலே ஓடிய பஸ்ஸுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை ஆபத்து வந்தது. மைதானத்து மேனேஜர் உருவத்தில் வந்தது. கண்டக்டரம்மா அப்போது ஒரு அண்டா முட்டையை அவித்து உரித்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க. முட்டை சாப்பிடறீங்களா?"

"இருக்கட்டும்மா. நல்ல சேதிதான் சொல்ல வந்தேன். இங்க புது ஸ்டாண்டு கட்டப் போறாங்க. இந்த இடம் பூரா போயிடும். ஆனா உங்களுக்கு தெற்குப் பக்கம் ஹால் கட்டி முடிச்சாச்சு. டைல்ஸ், பேன், பாத்ரூம், நூத்தைம்பது நாற்காலி. பின்னாடி உங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு ரூம்."

"பஸ்ஸு?"

"அதை திங்கக்கிழமை வெட்டறதுக்கு ஆள் வருது."

"வெட்டறதா? அது என்ன கோழியா?"

மேனேஜர் கெட்டவர் அல்ல. ஒரு முட்டையை எடுத்து, உப்பைத் தொட்டு, வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். "தெற்கு கோலுக்குப் பின்னாடி, உங்க ஹாலை ஒட்டி கொஞ்சம் காலி இடம் இருக்கு. ஞாயித்துக்கிழமை மாட்சுக்குள்ள முழுசாக் கொண்டு போய் அங்க நிறுத்திட்டா நான் பார்த்தும் பார்க்காத மாதிரி போயிடறேன். ஆனா ஓரப் பாதையிலதான் வரணும். புல்லு மேல ஒரு டயர் பட்டாலும் நான் மனுஷனா இருக்க மாட்டேன். கிரேன் உள்ள வராது, வழி கிடையாது."

"டிராக்டர் வச்சு இழுத்தா?"

"உங்க வெல்டரையே கேளுங்க."

வெல்டர் பஸ்ஸுக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தலையெல்லாம் துருவோடு வெளியே வந்தார். "டிராக்டர் இழுத்தா முன் அச்சு மட்டும் டிராக்டரோட போகும். மத்தது இங்கயே இருக்கும். பின்னாடி இருந்து கையால தள்ளணும். பதமா, பிள்ளைத்தாச்சியை நடத்திக் கூட்டிட்டுப் போற மாதிரி."

மத்தியானம் கண்டக்டரம்மா சாப்பாடு போட்டாள். டிரைவர் கிழங்கைத் தட்டில் அங்கும் இங்கும் உருட்டினார்.

"வெட்டினாங்கன்னா நான் அந்தப் புது ஹாலுக்கு வரமாட்டேன்" என்றார்.

"அப்புறம் எங்க போவீங்க?"

"தம்பி வீட்டுக்கு. எப்ப வேணா வான்னு சொல்லியிருக்கான்."

"அப்ப நான்?"

"நீயும்தான்."

"எனக்கு டிக்கெட் யாரு போட்டா? உங்க தம்பி பெண்டாட்டி என்னைப் பார்த்து, கால்பந்துன்னா எத்தனை ரன்னு எடுக்கணும்க்கான்னு கேட்டவ. அவகூட நான் காலம் தள்ளணும், அப்படித்தானே?"

"வண்டி இல்லாத டிரைவரு அங்க என்ன பண்ணுவான் சொல்லு. டைல்ஸ் மேல நாற்காலி போட்டு உக்காந்து எதை ஓட்டறது?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டில்லை என்று தெரிந்தது. எத்தனையோ வருஷமாக அந்த மனிதருக்குப் பின்னால் நின்று விசில் ஊதியவள். அவர் பிடரியைப் பார்த்தே பிரேக் போடப் போகிறாரா இல்லையா என்று சொல்லிவிடுவாள். இப்போது பிரேக் போட்டுவிட்டார். பஸ் போனால் இவர் போவார், இவர் போனால் இவளும் போகவேண்டும். ஹால், அடுப்படி, அண்டா, அந்தக் கூச்சல் எல்லாம் போகும். போட்டோவில் இருக்கிற ஆள் மாதிரி யார் வீட்டிலோ ஓரமாக இருக்கவேண்டியதுதான்.

பஸ்ஸைத் தள்ள ஆள் வேண்டும். சீட்டு மெம்பர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் இல்லை. மீதிப் பேருக்கு இடுப்பு இல்லை. தள்ளத் தெம்புள்ள தோளெல்லாம் கம்பியில்தான் இருந்தது. அன்று சாயங்காலம் கூட்டம் போட்டபோது போஸ்ட்மேன் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அக்கா, நாங்க தள்ளறதா இல்ல."

"ஏன் தம்பி?"

"எதுக்குத் தள்ளணும்? புது ஹால்ல எல்லாருக்கும் நாற்காலி இருக்கு. காலையில இருந்து ஊரெல்லாம் நடக்கறவன் நான். சாயங்காலம் இங்க வந்தா நிக்கறவன். பதினோரு வருஷமா இந்தக் கம்பியைப் பிடிச்சு உள்ளங்கை ரேகையே அழிஞ்சு போச்சு. இப்ப அதே வண்டியைத் தோளு வச்சுத் தள்ளி அங்க கொண்டு போகணும். கொண்டு போய்? மறுபடி அதே கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். என்னைப் பார்த்தா உங்களுக்கு எப்படி இருக்கு?"

கம்பிப் பக்கமிருந்து கைதட்டல் வந்தது. பின் சீட்டிலிருந்து சலூன்காரர் எழுந்திருக்காமலே பேசினார். எழுந்தால் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள் என்ற பயம்.

"சீட்டை மாத்தினா டீம் தோக்கும்யா. அது தெரியாதா உனக்கு?"

"சீட்டை மாத்தாமலேதானே போன வருஷம் வரிசையா தோத்தோம்?"

"அது நீ பெனால்டி நேரத்துல தும்மினதால."

"நின்னுக்கிட்டே இருந்தா சளி பிடிக்காம சந்தனமா மணக்கும்? எனக்கு ஒரு சீட்டு குடுங்க, தும்மறதை விட்டுடறேன்."

"மாப்ள" என்றார் டிரைவர், கண்ணாடியில் போஸ்ட்மேனைப் பார்த்து. "எனக்காகத் தள்ள மாட்டியா?"

போஸ்ட்மேன் சட்டென்று அடங்கினார். "மச்சான், உங்களுக்குன்னா உங்களைத் தோள்ல தூக்கிட்டே போறேன். ஆனா இவங்களை உக்கார வச்சுத் தள்ளச் சொல்லாதீங்க. அவ்வளவுதான். சீட்டு எல்லாருக்கும் பொதுன்னு அக்கா ஒரு வார்த்தை சொல்லட்டும், நாளைக்கே தள்ளறோம்."

எல்லோரும் கண்டக்டரம்மாவைப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் சிவந்தது. அந்தச் சட்டம் அவளுடையது. அமைச்சர் ஒருத்தர் மாட்ச் பார்க்க வந்தபோதுகூட, "கம்பியைப் பிடிச்சுக்குங்க ஐயா" என்று சொன்னவள் அவள். அவரும் பிடித்துக்கொண்டார். சொந்தம், பந்தம், பதவி எதற்கும் வளையாத சட்டம் என்று ஊரே சொல்லும். அதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குள் ஒரு சாண் உயரம் கூடும்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று உள்ளே போய்விட்டாள். அன்று இரண்டு முறை தேநீருக்கு உப்புப் போட்டாள்.

மறுநாள் காலையில் அண்ணன் சலூனுக்குப் போனாள். சலூன்காரர் ஒருவருக்குப் பாதிக் கன்னம் மழித்திருந்தார், மீதிக் கன்னத்தில் நுரை.

"வா பாப்பா. உக்காரு." தலை நரைத்த தங்கையை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"உக்காரல. அண்ணே, சீட்டை விட்டுடு."

கத்தி நின்றது. "எந்த சீட்டை?"

"எல்லாரும் அவங்கவங்க சீட்டை விடணும். நீ முதல்ல விட்டா மத்தவங்க விடுவாங்க. இல்லேன்னா கம்பிக்காரங்க தள்ள மாட்டாங்க. பஸ்ஸை வெட்டிடுவாங்க. உன் மாப்பிள்ளை பெட்டியைக் கட்டிடுவாரு."

"அந்த ஆளு எங்க போவான்? கோபத்துல சொல்றான்."

"அவருகிட்ட நான் பார்க்காத கோபமா? இது கோபம் இல்ல."

சலூன்காரர் கத்தியைத் தோலில் இப்படியும் அப்படியும் தீட்டினார். "பாப்பா, இந்தக் கடையில நாள் பூரா நான் நிக்கறேன். உக்காந்திருக்கறதெல்லாம் அடுத்தவன். நான் உக்காருறது உலகத்துலயே ஒரே ஒரு எடத்துல. அதையும் விடுன்னா எப்படி?"

"போஸ்ட்மேன் தம்பியும் அதைத்தானே சொல்றாரு."

"அவன் லேட்டா வந்தான். நான் நனைஞ்சுக்கிட்டு முதல்ல வந்தேன். அது நீ போட்ட சட்டம்."

"நான் போட்டதை நானே எடுக்கறேன்."

"எடு பார்க்கலாம். நாங்க இறங்க மாட்டோம். பஸ்ஸோட சேர்த்து எங்களையும் வெட்டட்டும்."

நுரையோடு உட்கார்ந்திருந்தவர் தலையை லேசாகத் தூக்கினார். "அண்ணே, யாரை வேணா வெட்டுங்க. கையில கத்தி இருக்கும்போது மட்டும் பேசாதீங்க."

சனிக்கிழமை சுவரை இடித்தார்கள். கொத்தனார்தான் முதல் அடி அடித்தார். சுவர் சிரித்தது. இரண்டாவது அடியில் கடப்பாரை வளைந்தது. மூன்றாவது கடப்பாரையும் வளைந்தபோது அவர் கண்ணில் தண்ணீர். துக்கமல்ல. "பார்த்தீங்களாடா, எப்படிக் கட்டியிருக்கேன்னு" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் இழுத்துக் காட்டினார். மத்தியானத்துக்குமேல்தான் சுவர் மனம் வைத்தது. பொத்தென்று தூசி எழுந்து, பஸ்ஸின் மூஞ்சியில் பல வருஷம் கழித்து வெயில் அடித்தது. டயர் கடைக்காரர் நாலு பழைய டயர் உருட்டிக்கொண்டு வந்தார். வெல்டர் ஸ்டீயரிங்குக்கு கிரீஸ் போட்டார். போட்ட கிரீஸில் ஒரு கப்பலையே திருப்பியிருக்கலாம். பிரேக் கிடையாது. அதற்குப் பதிலாக இரண்டு பேர் கையில் ஆளுக்கொரு மரக்கட்டை. கண்டக்டரம்மா விசில் ஊதினால் டயருக்கு முன்னால் போடவேண்டும்.

கம்பி மெம்பர்கள் இடிப்பதற்கெல்லாம் வந்தார்கள். "இடிக்கறது வேற, தள்ளறது வேற" என்றார் போஸ்ட்மேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் எழுந்து வந்து பார்த்தபோது பஸ் நிறைந்திருந்தது. சீட்டு மெம்பர்கள் அத்தனை பேரும் விடிவதற்கு முன்பே வந்து, அவரவர் இடத்தில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசை நடுவில் அண்ணன், தலைக்குப் பின்னால் ஒரு தலையணை வேறு. டிரைவர் தன் இடத்தில். வெளியே கம்பிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

கண்டக்டரம்மா படியில் ஏறி, உள்ளேயும் வெளியேயும் கேட்கிற மாதிரி நின்றாள். படியில் நிற்கக் கூடாது என்று அத்தனை பேரையும் விரட்டியவள் அன்று படியில் நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. சட்டத்தை மாத்தறேன். மாட்சுல இடைவேளை வந்தா டீமு என்ன பண்ணுது? பக்கம் மாறுது. இந்தப் பக்கம் ஆடினவன் அந்தப் பக்கம் போறான். யாராவது இது என் பக்கம், நான் போகமாட்டேன்னு கோல்போஸ்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறானா? இனிமே நமக்கும் அதேதான். முதல் பாதி உக்காந்தவங்க ரெண்டாவது பாதி நிக்கணும். நின்னவங்க உக்காரணும். அண்ணனா இருந்தாலும் சரி, ஆட்டுக்குட்டியா இருந்தாலும் சரி."

கம்பிக்காரர்கள் கட்டிய கையை அவிழ்த்தார்கள். அப்புறம் போஸ்ட்மேன் மெதுவாகச் சொன்னார். "இதை அக்கா பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே யோசிச்சிருக்கலாம்."

"இப்பத்தான் தம்பி தோணுச்சு. வாங்க, தள்ளுங்க."

வந்தார்கள். சட்டையைக் கழற்றினார்கள், தோள் கொடுத்தார்கள். பஸ் முனகியது. ஆனால் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. உள்ளே அத்தனை பேர், அவர்களின் அத்தனை வருஷத்து முட்டையும் சேர்ந்த எடை.

"அவங்களை இறங்கச் சொல்லுங்க அக்கா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"இறங்குங்க" என்றாள். ஒருவரும் அசையவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்ப்பது போல நடித்தார்கள், ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவர்கள் மாதிரி. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. மூன்று முறை தள்ளிப் பார்த்தார்கள். மூன்றாவது முறை ஒருவர் வழுக்கி விழுந்தார். போஸ்ட்மேன் கையை உதறினார். "அவ்வளவுதான் அக்கா. நாங்க உங்க பேச்சைக் கேட்டோம். அவங்க கேக்கல."

அப்போது முன்பக்கம் ஒரு கதவு கிறீச்சிட்டது. டிரைவர் கதவு. துருவேறி இறுகிப்போயிருந்த அதை அவர் காலால் உதைத்துத் திறந்தார். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு காலாக இறக்கி, தரையில் நின்று, வேட்டியை மடித்துக் கட்டினார். நேராகப் பின்பக்கம் நடந்து வந்தார்.

"மாப்ள, கொஞ்சம் நகரு. எனக்கும் எடம் குடு."

"மச்சான், உங்களால ஆகாது. போய் ஸ்டீயரிங்கைப் பிடிங்க."

"அதுக்கு ஆள் இருக்கு." அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "ஏறி உக்காரு. நான் ஓட்டினதை இத்தனை வருஷமா பின்னாடி நின்னு குத்தம் சொன்னியே. இப்ப ஓட்டு பார்ப்போம்."

கண்டக்டரம்மா புருஷன் சொன்னபடியே படியிறங்கினாள். அது அவள் வாழ்க்கையில் மிக அபூர்வம். பஸ்ஸைச் சுற்றி நடந்து போய், திறந்திருந்த கதவு வழியாக ஏறி உட்கார்ந்தாள். ஸ்டீயரிங் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முன்னால் ஓரப் பாதை தெரிந்தது. ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் புல்.

பின்னால் டிரைவர் குனிந்து தோளைக் கொடுத்தார். அவர் தோள் பட்ட இடத்துக்கு நேர் மேலேதான் பின் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சலூன்காரரின் முகம். மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது.

"மாப்ள, இடுப்பு பிடிச்சுக்கும். விடு" என்றார் சலூன்காரர் உள்ளிருந்து.

"பிடிக்கட்டும் மச்சான்."

"வயசு என்ன ஆச்சு உனக்கு? அறிவு இருக்கா?"

"இல்ல. இருந்தா உங்க தங்கச்சியைக் கட்டியிருப்பேனா? பேசாம உக்காருங்க, நாங்க தள்ளறோம்."

டிரைவரின் கழுத்து நரம்பு புடைத்தது. கால் மண்ணில் சறுக்கியது, திரும்ப ஊன்றினார். சலூன்காரர் தலையணையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். எழுந்தார். பக்கத்து சீட்டுக்காரர், "தலைவரே, எழுந்திருக்காதீங்க, போச்சு" என்று கையைப் பிடித்தார். உதறிவிட்டு, நடுவழியில் நடந்து, படியிறங்கி, சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார்.

"தள்ளு அந்தப் பக்கம். இது என் சீட்டுக்கு நேர் கீழ. இங்க நான்தான் தள்ளுவேன்."

"தலைவரே சொந்தமா எடம் பிடிக்க ஆரம்பிச்சுட்டாரு" என்றார் போஸ்ட்மேன். ஆனால் நகர்ந்து இடம் கொடுத்தார்.

அதற்கப்புறம் உள்ளே யார் உட்கார்ந்திருப்பது? முழங்கால் இல்லாதவர்கள், இடுப்பு இல்லாதவர்கள், பேரன் எடுத்தவர்கள், ஒருவர் பின் ஒருவராக முனகிக்கொண்டே இறங்கினார்கள். தோளில் இடமில்லாதவர்கள் முன்னால் நிற்பவரின் முதுகைத் தள்ளினார்கள். கண்டக்டரம்மா கழுத்தில் தொங்கிய விசிலை வாயில் வைத்து இரண்டு தரம் ஊதினாள்.

பஸ் கிளம்பியது.

அப்படியொரு ஊர்வலத்தை ராஜாக்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எஞ்சின் இல்லை, ஹாரன் இல்லை. ஹாரனுக்குப் பதிலாக நூற்றைம்பது தொண்டைகள். மதிலுக்கும் டயருக்கும் நடுவே ஒரு எறும்பு போனால் கைகால் ஒடிந்திருக்கும். அவ்வளவு நெருக்கம். புல்லின் விளிம்பில் மேனேஜர் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே, "புல்லு, அம்மா, புல்லு" என்று கெஞ்சிக்கொண்டு வந்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. பாதையை மட்டும் பார்த்தாள். தெற்கு மூலைத் திருப்பத்தில் சரிவு வந்தது. தள்ளியவர்கள் எல்லோரும் இப்போது பிடித்து இழுத்தார்கள், பஸ் அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வேகம் பிடித்தது. ஒரு விசில். கட்டைகள் விழுந்தன. முதல் கட்டையைப் பஸ் பொடியாக்கியது, இரண்டாவது நின்றது. அவள் ஸ்டீயரிங்கை மார்போடு அணைத்துத் திருப்பினாள். மூலைக் கொடி ஜன்னலை உரசிக்கொண்டு போனது. ஒரு புல்கூடச் சாகவில்லை. மேனேஜர் அங்கேயே உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார், நிம்மதியில்.

புது ஹாலை ஒட்டி, தெற்கு கோலுக்கு முதுகைக் காட்டி, பழைய மாதிரியே அவள் பஸ்ஸை நிறுத்தியபோது மாட்சுக்கு வந்த கூட்டம் வாசலில் நிறையத் தொடங்கியிருந்தது. எதிரணி ரசிகர்கள்கூட எழுந்து நின்று கைதட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. சீட்டு மெம்பர்களும் கம்பி மெம்பர்களும் யார் எவர் என்று தெரியாதபடி ஒரே கிரீஸும் துருவுமாக நின்று மூச்சு வாங்கினார்கள். போஸ்ட்மேனின் முதுகில் சலூன்காரரின் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"யாரு முதல்ல உக்காருறது?" என்று கேட்டார் சலூன்காரர்.

"தபால்காரங்க" என்றாள் கண்டக்டரம்மா. "ஏறுங்க தம்பி."

போஸ்ட்மேன் ஏறினார். கடைசி வரிசை நடு சீட்டுக்குப் போய், தலையணையை எடுத்துச் சலூன்காரரிடம் மரியாதையாகக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். சலூன்காரர் அவருக்கு எதிரே கம்பியைப் பிடித்தார். பிடித்த கையை உடனே எடுத்துப் பார்த்தார். "என்னய்யா இது, இவ்வளவு வழவழன்னு இருக்கு?"

"பதினோரு வருஷம் தேய்ச்சிருக்கேன். பத்திரமா பிடிங்க" என்றார் போஸ்ட்மேன்.

அணிகள் மைதானத்துக்குள் இறங்கின. டிரைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் வந்தார். துருப்பிடித்த கதவடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். கண்டக்டரம்மா இன்னும் இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தது, முகத்தில் வேர்வையும் துருவும் கலந்து வழிந்தது, முதுகு நேராக இருந்தது.

"நல்லாத்தான் கொண்டு வந்துட்ட" என்றார். "சரி, இறங்கு. ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது. அது என் சீட்டு."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இடைவேளைக்கு வாங்க."